மரப்பொம்மைகள் ஆண்ட பேரரசு

‘ஜேன் அயர்’ என்னும் ஆங்கில நாவலின் சுருக்கத்தை நம் மாணவியரில் பலர் படித்திருப்பர். தாய் தந்தையற்ற ஒரு சிறுமி பற்பல கொடுமைகளைத் தாங்கி, தன்மானம் இழக்காமல் வாழ்ந்த கதை அது. 1847ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தபோது அதை எழுதிய சார்லட் பிரான்டேக்கு வயது 31. அச்சேறிய முதல் நாவல் அதுதான். ஆயினும் அது கன்னி முயற்சி அன்று. சார்லட் தமது பதினான்காம் வயதிலேயே, 1830 ஆகஸ்ட் 3ஆம் நாள், தாம் அதுவரை எழுதி முடித்த நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்தார். அதில் 22 தொகுதிகள் இருந்தன!

இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு மட்டுமன்று, சற்று வெட்கமும் ஏற்பட்டது. அதே வயதில் நாங்கள் எழுதியவை எல்லாம் கட்டுரை ஏட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் சார்லட் தனியாக எழுதவில்லை என்பதை அறிந்தபோது சிறிது ஆறுதலும் பிறந்தது. தம்பி பிரான்வெல், தங்கையர் எமிலி, ஆன் ஆகியோருடன் சேர்ந்தே அவர் ஒரு கற்பனை உலகைப் படைத்தார். ஒரே உலகம், எழுதுவோர் பலர். ஆசிரியர் பலர் கூடி ஒரே கற்பனை நகரத்தைப் பற்றிக் கதை எழுதித் தொகுதியாக வெளியிடும் வழக்கம் இன்று மேல்நாடுகளில் உண்டு. பிரான்டே உடன்பிறந்தோர் அதை அடுப்பங்கரையில் அமர்ந்து செய்தார்கள். அந்த உலகின் நடுவே நின்ற பெர்சி என்னும் சூழ்ச்சிக்காரப் பிரபுக் குடும்பத்தைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விழைகிறோம். முதலில் அவ்வுலகம் பிறந்த கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள சிற்றூர் ஹாவொர்த். ஊருக்குப் பின்னால் மரமற்ற மேட்டுநிலம். ஊருக்குள் கம்பளித் தொழில். 1820இல் அவ்வூருக்கு ஆங்கிலிக்கன் சபைக் குருவாக வந்தவர் பாட்ரிக் பிரான்டே. அச்சபையில் குருமார் மணம் செய்துகொள்வர். அவருக்கு ஆறு மக்கள். வந்த மறு ஆண்டே தாயார் இறந்தார். 1825ஆம் ஆண்டு மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும், விடுதிப் பள்ளியில் படிக்கும்போது காசநோய் கண்டு, ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். அதே பள்ளியில் படித்த சார்லட்டையும் எமிலியையும் தந்தை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். ஒன்பது வயதுச் சார்லட் திடீரென்று வீட்டின் மூத்த பெண்ணானார். ‘ஜேன் அயர்’ நூலில் வரும் லோவுட் பள்ளியும், அங்கே இறக்கும் சிறுமி ஹெலனும் இந்தத் துயரத்திலிருந்தே பிறந்தவர்கள்.

1826 ஜூன் மாதத்தில் தந்தை லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்பும்போது மகனுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தார். அதனுள் பன்னிரண்டு மரப் போர்வீரர்கள். மறுநாள் காலை பிரான்வெல் பெட்டியுடன் அக்காள் தங்கையர் அறைக்கு ஓடினார். சார்லட் ஒரு வீரனைத் தட்டிப் பறித்து, “இவன்தான் வெலிங்டன் கோமகன்!” என்று பெயர் சூட்டினார். வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் அவருக்குத் தெய்வம் போன்றவர். உடனே பிரான்வெல் எடுத்த வீரனுக்கு யார் பெயர் வந்திருக்கும்? வேறு யார், நெப்போலியன்தான்! எமிலியின் வீரன் முகம் கடுகடுவென்று இருந்ததால் அதற்கேற்ற பெயர் பெற்றான். கடைக்குட்டி ஆனுக்கு ஆனைப் போலவே சின்னஞ்சிறு வீரன் கிடைத்தான். இவ்வளவையும் சார்லட்டே 1829ஆம் ஆண்டு எழுதி வைத்துள்ளார். அக்காளும் தம்பியும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் வழக்கம் அந்த ஒரு நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பன்னிரு வீரரும் கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்று நகரம் அமைத்தனர். அதற்குக் கண்ணாடி நகரம் என்று பெயர். பின்னர் வெர்டோபொலிஸ் என்றாயிற்று. நால்வரும் அந்நகரைக் காக்கும் பூதங்களாகத் தம்மையே வைத்துக்கொண்டனர். டாலி, பிரானி, எம்மி, அன்னி என்பவை அப்பூதங்களின் பெயர்கள். பூதங்களுக்கு ஒரு பெரிய வல்லமை உண்டு: போரில் இறந்த வீரனை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். பொம்மை விளையாட்டில் இது இன்றியமையாதது அல்லவா? ஒவ்வொரு போருக்கும் புதிய பெட்டி வாங்கித் தர எந்தத் தகப்பனாராலும் முடியாது. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வரும்.

நகரம் என்றால் செய்தித்தாள் வேண்டும், இதழ் வேண்டும். 1829 ஜனவரியில் பிரான்வெல் ஓர் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ஆசிரியப் பொறுப்பு சார்லட் கைக்கு வந்தது. படிப்பவர்கள் மரவீரர்கள் ஆதலால் இதழும் அவர்கள் அளவுக்குத்தான் இருக்கவேண்டும். சர்க்கரை சுற்றிவந்த காகிதத்தையும் கழிவுத் தாள்களையும் வெட்டி, ஊசி நூலால் தைத்து, அச்செழுத்துப் போலவே எழுதினார்கள். சில புத்தகங்கள் 35 மில்லிமீட்டர் அகலமும் 61 மில்லிமீட்டர் உயரமுமே கொண்டவை; ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவு! உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் பெரியவர்களால் படிக்க இயலாது. இதில் ஒரு வசதியும் இருந்தது. தந்தையாரும் பெரியம்மாவும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். அத்தகைய ஓர் இதழை 2019ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஏலம் விட்டபோது, பிரான்டே சங்கத்தார் 6,00,000 யூரோ விலைக்கு எடுத்தனர். ஹாவொர்த்தில் அவர்கள் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அந்த இதழ் அங்கே திரும்பிச் சேர்ந்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடமுடியாது. அந்த நிலம் யாருடையது? மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களுடையது. அக்காலத்தில் அசாந்தியருக்கும் ஆங்கிலேயருக்கும் உண்மையாகவே போர் நடந்துகொண்டிருந்தது. 1824இல் ஆங்கிலேய ஆளுநர் சார்லஸ் மெக்கார்த்தி அப்போரில் கொல்லப்பட்டார். செய்தித்தாளும் இதழும் படித்த சிறுவர்கள் அதையும் தங்கள் கதைக்குள் எடுத்துக்கொண்டனர். கதையில் அசாந்தி அரசன் தோற்று மடிகிறான். அவனுடைய மகன் குவாஷியாவை வெலிங்டன் எடுத்து வளர்க்கிறார். வளர்ந்த குவாஷியா, வளர்த்தவர்களையே எதிர்த்துப் படை திரட்டுகிறான். நால்வரும் அவனை நன்றி கெட்டவனாகவும் தீயவனாகவும் தீட்டியிருக்கிறார்கள். அடிமைப்பட்டுக் கிடந்து விடுதலை பெற்ற நாட்டில் பிறந்த நமக்கோ அவன் வேறுவிதமாகத் தெரிகிறான். தன் தந்தையின் மண்ணை அவன் கேட்கிறான், அவ்வளவே. மிகக் கெட்டிக்காரக் குழந்தைகளும் வீட்டுக்கு வரும் இதழின் கண்ணால்தான் உலகைப் பார்த்திருக்கிறார்கள்.

1831 ஜனவரியில் சார்லட் ரோ ஹெட் என்னும் பள்ளிக்குப் படிக்கச் சென்றார். பூனை போனால் எலிக்குக் கொண்டாட்டம். எமிலியும் ஆனும் அக்காள், அண்ணன் ஆட்சியிலிருந்து பிரிந்து தனி நாடு கண்டனர். அதன் பெயர் கோண்டல். பசிபிக் பெருங்கடலின் வடபகுதியில் உள்ள தீவு. அங்கே அரசு செலுத்துபவள் ஓர் அரசி. 1834 நவம்பரில் எமிலியும் ஆனும் சேர்ந்து எழுதிய ஒரு தாள் கிடைத்துள்ளது. படுக்கையைச் சரிசெய்யவில்லை, பாடம் முடிக்கவில்லை, சமையலறையில் காய் நறுக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டே போகும்போது, இடையில் ஒரே வரி, கோண்டல் மக்கள் புதிய நாடொன்றை ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள் என்று! எழுத்துப் பிழைகளும் அதில் ஏராளம். கோண்டல் பற்றிய உரைநடைக் கதைகள் ஒன்றுகூட இன்று இல்லை. எமிலியும் ஆனும் அந்நாட்டு மாந்தர் வாயில் வைத்துப் பாடிய கவிதைகள் மட்டும் எஞ்சியுள்ளன. ஆகவே நாம் மூத்தவர் இருவருடைய நாட்டுக்கே திரும்புவோம்.

1834இல் கண்ணாடி நகரத்துக்குக் கிழக்கே ஆங்கிரியா என்னும் புதிய அரசு எழுந்தது. அதன் வேந்தன் ஜமோர்னா. இவன் வெலிங்டனின் மகன், சார்லட்டின் செல்லப்பிள்ளை. அழகன், வீரன், ஆணவக்காரன். முதலமைச்சன் அலெக்சாண்டர் பெர்சி, நார்த்தாங்கர்லாந்துப் பிரபு. இவன் பிரான்வெல்லின் படைப்பு. முன்னாளில் கடற்கொள்ளைக்காரன், கலகக்காரன். இப்போது பட்டாடை அணிந்த பெருமகன். பேசினால் தேன் ஒழுகும். உள்ளே இருப்பது எவருக்கும் தெரியாது. கடவுளையும் நம்பமாட்டான், மனிதரையும் நம்பமாட்டான். இந்தப் பெர்சியின் மகள் மேரியை ஜமோர்னாவுக்கு மணம் முடித்து வைத்தார்கள். மாமனார் தம்பியின் பாத்திரம். மருமகன் அக்காளின் பாத்திரம். நம் ஊர் வழக்கில் சொன்னால் சார்லட்டும் பிரான்வெல்லும் சம்பந்திகள் ஆகிவிட்டார்கள்! சம்பந்திச் சண்டை எப்படி இருக்கும் என்று நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

பெர்சிக்கு ஆண் குழந்தைகள் என்றால் ஆகாது. பிறந்தவுடனேயே அவர்களைத் தாயிடமிருந்து பிரித்து, கொன்றுவிடும்படி தன் ஏவலாளிடம் கொடுத்துவிட்டான். தாய் அந்த ஏக்கத்திலேயே நலிந்து இறந்தாள். ஆனால் எட்வர்டு, வில்லியம் என்னும் பிள்ளைகள் சாகவில்லை. பிரபுவின் இரத்தம் உடலில். கையில் காசு இல்லை. பிரான்வெல் 1834ஆம் ஆண்டு எழுதிய ஒரு கதைக்கு ‘கம்பளி விலை ஏறுகிறது’ என்ற பொருளில் தலைப்பு. அதில் அண்ணன் எட்வர்டு கம்பளி வணிகத்தில் இறங்கி, ஆலை வைத்து, பெரும் பணக்காரனாகி, நாட்டின் வணிக அமைச்சனாகவே உயர்ந்துவிடுகிறான். தம்பி வில்லியமைத் தன் கணக்கறையில் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டு அடிமைபோல் நடத்துகிறான். தந்தை மகனை ஒழிக்கப் பார்த்தான். அண்ணன் தம்பியை ஒடுக்குகிறான். தம்பி வாய் திறவாமல் நாள் பார்த்துக் காத்திருக்கிறான். அன்பு என்பதே இல்லாத இந்தக் குடும்பத்தில் அனைவருக்கும் அறிவு மட்டும் அபாரமாக இருக்கிறது.

ஒரு குருவின் வீட்டுப் பிள்ளைகள், காலை மாலை செபம் சொல்லி வளர்ந்தவர்கள், இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்கத் தோன்றும். எங்கள் வகுப்பிலேயே இக்கேள்வி எழுந்தது. பெர்சி குடும்பத்தின் தீமை வானத்திலிருந்து விழவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஹாவொர்த்தைச் சுற்றிலும் கம்பளி ஆலைகள். புதுப்பணக்காரர்களான ஆலை முதலாளிகளை அப்பகுதி மக்கள் நாள்தோறும் கண்டார்கள். ஊதிய நாளில் கணக்கைக் குறைப்பவனையும், உறவினனையே வேலைக்காரனாய் நடத்துபவனையும் பார்த்து எழுதக் கடற்கொள்ளைக்காரன் தேவையில்லை. கதை கற்பனை நாட்டில் நடந்தாலும், எட்வர்டு பெர்சியின் கணக்கறை அப்படியே யார்க்‌ஷயர் கணக்கறைதான். மேலும் அவர்கள் தீயவனை நல்லவன் என்று எங்கும் சொல்லவில்லை. தீயவன் ஏன் நம்மைக் கவர்கிறான் என்பதைத்தான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார்கள். இது நம் பாவசங்கீர்த்தனக் கேள்விகளுக்கும் தொலைவானது அன்று.

பலர் சேர்ந்து எழுதுவதன் இன்பமும் துன்பமும் 1836ஆம் ஆண்டு ஒருங்கே வெளிப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு முதல் சார்லட் அதே ரோ ஹெட் பள்ளியில் ஆசிரியை. வயது இருபது. சம்பளத்தில் ஒரு பகுதி தங்கையின் படிப்புக்கு. நாள் முழுதும் பாடம், மாலையில் மாணவியர் துணிகளைத் தைத்துச் சீர்செய்தல். எழுத நேரம் இல்லை. வீட்டில் இருந்த பிரான்வெல்லுக்கோ நேரத்துக்குக் குறைவில்லை. அவர் தம் பெர்சியைக் கொண்டு ஒரு பெரும் புரட்சி நடத்தி ஜமோர்னாவை நாட்டை விட்டே துரத்திவிட்டார். ஜமோர்னாவிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது: மனைவி மேரி. மாமனாரின் நெஞ்சைப் பிளப்பதற்காகக் குற்றமற்ற அவளைத் தள்ளிவைத்தான். கணவனை விரும்பும் பெண், தந்தையையும் விரும்பும் பெண். இரண்டு ஆண்களின் பகைக்கு நடுவே உருகிப் போனாள். அடுத்து பிரான்வெல் மேரியைச் சாகடித்தார்.

இச்செய்தி சார்லட்டுக்கு முழுமையாகத் தெரியவில்லை; அரசல் புரசலாக மட்டுமே தெரிந்தது. பள்ளியில் இருந்தபடி அவர் துண்டுத் தாள்களில் எழுதிய குறிப்புகள் இன்று கிடைக்கின்றன. தம்பி உண்மையிலேயே மேரியைக் கொன்றுவிட்டானா, அவள் தனியாகக் குளிர்ந்த மண்ணுக்குள் கிடக்கிறாளா என்று அதில் ஏங்குகிறார். காகிதத்தில் பிறந்த பெண்ணுக்காக இப்படியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்களால் சிரிக்க முடியவில்லை. தாயையும் இரு அக்காள்மாரையும் மண்ணுக்குக் கொடுத்தவர் கேட்கும் கேள்வி அது. வேறொரு குறிப்பில், தாம் கற்பனையில் ஆழ்ந்திருந்த வேளையில் ஒரு மாணவி பாடப் புத்தகத்துடன் வந்து நின்றதற்காக அவளை முட்டாள் என்று திட்டி எழுதியிருக்கிறார். நம் ஆசிரியைகள் இப்படி ஏதும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று நாங்கள் தேடப் போவதில்லை!

விடுமுறைக்கு வீடு வந்ததும் 1836 டிசம்பரில் சார்லட் பேனாவை எடுத்தார். மேரி இறக்கவில்லை, அது பொய்ச் செய்தி, ஜமோர்னா திரும்பி வருகிறான் என்று எழுதி அவளை மீட்டுவிட்டார். முன்னே சொன்ன பூதங்களின் விதி நினைவிருக்கிறதா? சிறு வயதாக இருந்தால் டாலி பூதம் வந்து மேரியைத் தொட்டு எழுப்பியிருக்கும். இருபது வயதில் அப்படிச் செய்ய முடியாது. தம்பி எழுதியதைக் கிழித்துப் போடவும் முடியாது. ஏனெனில் உலகம் இருவருக்கும் பொது. எழுதப்பட்டதை எழுதப்பட்டதாகவே ஒப்புக்கொண்டு, அதற்குள்ளேயே நம்பத் தகுந்த ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தனியாக எழுதுபவருக்கு இந்தக் கட்டாயம் நேர்வதே இல்லை. தமக்குப் பிடித்த முடிவை அவர் எழுதிவிட்டுப் போகலாம். தம்பி போட்ட முடிச்சுகளை ஏழெட்டு ஆண்டுகள் அவிழ்த்து அவிழ்த்தே சார்லட்டின் கை பழகியது என்பது எங்கள் எண்ணம். மேரிக்கு என்ன நேர்ந்தாலும் அவள் என்ன நினைப்பாள் என்று முதலில் கேட்டவரும் சார்லட்தான். தம்பிக்கு அவள் சதுரங்கக் காய்.

அதே டிசம்பர் 29ஆம் நாள் சார்லட் மற்றொரு துணிவான செயல் செய்தார். அரசவைக் கவிஞர் இராபர்ட் சதேக்குத் தம் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். மூன்று மாதம் கழித்து விடை வந்தது. திறமை இருக்கிறது, ஆனால் இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க இயலாது, இருக்கவும் கூடாது என்பது அதன் சாரம். பெண்ணுக்குரிய கடமைகளில் ஈடுபட்டால் எழுத நேரம் இராது என்றும் பெரியவர் எழுதியிருந்தார். சார்லட் பணிவாக நன்றி தெரிவித்து எழுதி, அக்கடிதத்தைத் தம் இருபத்தொன்றாம் பிறந்த நாளில் என்றென்றும் பாதுகாக்க வேண்டியது என்று குறித்து எடுத்து வைத்தார். அந்தப் பணிவில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு வில்லியம் பெர்சியின் மௌனம்? எங்களுக்குள் இதைப் பற்றி விவாதம் நடந்தது, முடிவு எட்டவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பது மட்டும் உண்மை.

வீட்டாரின் நம்பிக்கை முழுதும் ஒரே மகன்மேல் இருந்தது. பிரான்வெல்லுக்கு ஓவியம் கற்பிக்கத் தனி ஆசிரியர் அமர்த்தினார் தந்தை. பெண்கள் மூவரும் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கவேண்டும் என்பது முன்பே முடிவான ஒன்று. வீட்டில் ஒரு மகனும் பல மகள்களும் உள்ள பெற்றோர் இதை நன்கு அறிவர்.

ஏறக்குறைய 1839ஆம் ஆண்டில் சார்லட் ஆங்கிரியாவுக்கு விடைகொடுத்து ஒரு பக்கம் எழுதினார். நெடுநாள் வெயில் காய்ந்த நாட்டை விட்டு, மப்பும் மந்தாரமுமான குளிர் நாட்டுக்குப் போக விரும்புவதாக அதில் சொல்கிறார். ஆனால் பழகிய முகங்களைப் பிரிவது எளிதா? 1843இல் பிரஸ்ஸல்ஸ் நகரப் பள்ளியில் தனிமையில் வாடியபோது, மாலை வேளைகளில் பழைய உலகத்துக்கே தம் மனம் திரும்புகிறது என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். வேறு யாருக்கு எழுதினாலும் அது விளங்கியிராதே!

பெர்சி குடும்பத்தின் பிற்கால வரலாறுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. சார்லட் முதன் முதலில் அச்சிட அனுப்பிய நாவல் ‘ஜேன் அயர்’ அன்று, ‘புரொபசர்’ என்பது. பதிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர் இறந்த பின் 1857இல்தான் வெளிவந்தது. அதைத் திறந்தால் முதலில் யாரைச் சந்திக்கிறோம்? ஆலை முதலாளியான அண்ணன் எட்வர்டு. அவனிடம் குமாஸ்தாவாக அல்லல்படும் தம்பி வில்லியம்! குடும்பப் பெயர் மட்டும் பெர்சிக்குப் பதிலாகக் கிரிம்ஸ்வொர்த் என்று மாறியிருக்கிறது. ஆங்கிரியாவும் இல்லை, பிரபுவும் இல்லை. கணக்கறை இருக்கிறது. கொடிய அண்ணன் இருக்கிறான். வில்லியம் இப்போது வேலையை உதறிவிட்டு வெளியேறி ஆசிரியராகிறான். 1849இல் வந்த ‘ஷெர்லி’ நாவலும் ஒரு கம்பளி ஆலை முதலாளியைச் சுற்றியே நடப்பது. ஜமோர்னாவின் ஆணவமும் அழகின்மையோடு கலந்து ‘ஜேன் அயர்’ கதையின் ராச்சஸ்டராக வந்தது என்பர். ஆனால் ஜமோர்னாவின் முன் மேரி உருகினாள். ராச்சஸ்டரின் முன் ஜேன் நிமிர்ந்து நின்று பேசுகிறாள். அந்த மாற்றத்துக்குப் பத்தாண்டு ஆயிற்று.

தங்கையர் கோண்டலை விடவில்லை. 1845 ஜூன் இறுதியில் எமிலியும் ஆனும் யார்க் நகருக்கு இரயிலில் இருநாள் பயணம் சென்றார்கள். வழி முழுதும் தாங்கள் கோண்டல் நாட்டு இளவரசர், இளவரசியராக நடித்துக்கொண்டே போனதாக எமிலி எழுதியிருக்கிறார். அப்போது எமிலிக்கு 26 வயது, ஆனுக்கு 25! ஒரு மாதம் கழித்து இருவரும் தனித்தனியே எழுதிய குறிப்புகளில், கோண்டல் முன்போலவே செழிப்பாக இருக்கிறது என்கிறார் எமிலி. விளையாடும் நிலையில் அது அவ்வளவு நன்றாக இல்லை என்கிறார் ஆன். ஒரே நாடு, இரண்டு சாட்சிகள். அதே ஆண்டு எமிலியின் கவிதை ஏட்டைச் சார்லட் கண்டெடுத்ததால்தான் 1846இல் மூவரின் கவிதைகளும் ஒரே நூலாக வெளிவந்தன. கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று ஆணா பெண்ணா எனத் தெரியாத புனைபெயர்களை வைத்துக்கொண்டார்கள். ஓராண்டில் விற்றவை இரண்டே படிகள்.

பிரான்வெல்லின் பெயர் அந்நூலில் இல்லை. ஓவியராக முயன்றார், நடக்கவில்லை. இரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்தார். கணக்கில் குறை வந்ததால் 1842இல் வேலை போயிற்று. பிறகு வீட்டு ஆசிரியர் வேலையும் அவமானத்தில் முடிந்தது. மது, அபினி என்று உடல் சீரழிந்தது. ஹாலிபாக்ஸ் நகரச் செய்தித்தாளில் அவருடைய கவிதைகள் சில வெளியாயின. அவற்றின் கீழ் அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் நார்த்தாங்கர்லாந்து! கதை மாந்தனின் பெயரையே கையொப்பமாக்கிக் கொண்டார். சகோதரிகள் அந்த உலகிலிருந்து எட்வர்டையும் வில்லியமையும் வெளியே அழைத்து வந்தார்கள். படைத்தவர் உள்ளேயே தங்கிவிட்டார். அவரை வெறும் குடிகாரர் என்று ஒரு வரியில் முடித்துவிடும் நூல்கள் உண்டு. பெர்சி குடும்பம் அவர் கொடுத்த சொத்து என்பதால் எங்களுக்கு அவ்வாறு முடிக்க மனம் வரவில்லை.

1848 செப்டம்பரில் பிரான்வெல் 31 வயதில் இறந்தார். டிசம்பரில் எமிலி. அடுத்த ஆண்டு மே மாதம் ஆன். பன்னிரண்டு மரவீரர்களோடு விளையாடிய நால்வரில் சார்லட் மட்டும் எஞ்சினார். வயதான தந்தையுடன் அதே வீட்டில் இருந்துகொண்டு மேலும் எழுதினார். 1853ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ஒரு கதையின் சில பக்கங்கள் கிடைத்துள்ளன. வணிகனான அண்ணன் ஒருவன். அவனிடம் அடிபட்டு, பூர்வீக வீட்டுக்கு ஓடிவரும் பத்து வயதுத் தம்பி ஒருவன். அண்ணனின் பெயர் எட்வர்டு. தம்பியின் பெயர் வில்லி. முடிச்சைப் போட்டவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கதை முடிக்கப்படவில்லை.